பட்டிக்குப் பக்கத்தில் வந்தது சிறுத்தையா, காட்டுப்பூனையா?

கேள்வி: இருட்டுகிற நேரத்தில் எங்கள் ஊர் ஆட்டுப்பட்டிக்குப் பக்கத்தில் சிறுத்தையைப் பார்த்ததாக மூன்று பேர் அடித்துச் சொல்கிறார்கள். வனத்துறையினர் வந்து பார்த்தார்கள், காட்டுப்பூனைதான் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். யாரை நம்புவது?
- ஒரு வாசகர், பெரம்பலூர் மாவட்டம்

பதில்: இப்போதைக்கு இரண்டு தரப்பையும் முழுசாக நம்ப வேண்டாம். காடே இல்லாத ஊருக்குச் சிறுத்தை எப்படி வரும் என்று கேட்பவர்களிடம் மயிலாடுதுறையைச் சொல்லுங்கள். சுற்றிலும் வயல்தான், ஆனாலும் 2024 ஏப்ரலில் செம்மங்குளம் பகுதியில் நடமாடிய சிறுத்தை கண்காணிப்பு கேமராவில் பதிவானது, கூண்டு வைத்தும் சிக்கவில்லை, அப்புறம் அரியலூர் மாவட்டம் செந்துறைப் பக்கம் ஒரு சிறுத்தை தென்பட்டது.

அதற்காக இருட்டில் ஓடுவதெல்லாம் சிறுத்தையாகிவிடாது. அளவு பார்க்கப் பக்கத்தில் ஒரு வேலிக்கல்கூட இல்லாத இடத்தில், டார்ச் வெளிச்சத்தில் கண் மட்டும் மின்னினால், பயத்தில் பூனையும் கன்றுக்குட்டி அளவுக்குத் தெரியும். அந்த மூன்று பேரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு வால் எப்படி இருந்தது என்று மட்டும் கேளுங்கள். காட்டுப்பூனைக்கு வால் குட்டை, நுனியில் கருப்பு வளையம் இருக்கும், உடம்பில் புள்ளி இருக்காது. சிறுத்தையின் வால் நீளம், தொங்கவிட்டால் கிட்டத்தட்ட தரையைத் தொடும்.

அதைவிட உறுதியான சாட்சி கால்தடம். ஊரே திரண்டு வந்து மிதிப்பதற்குள் ஒரு அன்னக்கூடையைக் கவிழ்த்து மூடி வையுங்கள், பக்கத்தில் 10 ரூபாய் நாணயம் வைத்து நேர் மேலிருந்து படம் எடுங்கள். சிறுத்தைத் தடம் ஏழெட்டு சென்டிமீட்டர் அகலம் வரும், நகம் பதியாது. நகம் பதிந்திருந்தால் பெரும்பாலும் நாய்தான்.

கையில் கிடைத்த ஆதாரமும் சில நேரம் ஏமாற்றும். இங்கிலாந்தில் போட்மின் மூர் என்ற தரிசு மேட்டுநிலத்தில் கருஞ்சிறுத்தை திரிவதாக வெகுநாள் பேச்சு. 1995-ல் அரசு விசாரித்து, உறுதியான ஆதாரம் இல்லை என்றது. கொஞ்ச நாளிலேயே அங்கே ஆற்றில் ஒரு மண்டையோடு கிடைத்தது, அது நிஜமாகவே சிறுத்தையுடையது! லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பார்த்தபோது உள்ளே வெப்பநாட்டுக் கரப்பான்பூச்சியின் முட்டைக்கூடு. குளிர்நாடான இங்கிலாந்தில் அது வந்திருக்க வழியில்லை, மண்டையோடு வெளிநாட்டிலிருந்து வந்தது என்று தெரிந்துவிட்டது. யார் வீட்டிலோ தரையில் கிடந்த சிறுத்தைத்தோல் விரிப்பின் தலை அது.

சரி, ஆடு ஏதும் செத்திருந்தால் உடனே புதைத்துவிடாதீர்கள். சிறுத்தை கவ்வியதுபோல் கழுத்தில் கோரைப்பல் இறங்கிய ஓட்டை இருக்கிறதா, நாய் கடித்ததுபோல் பின்தொடை கிழிந்திருக்கிறதா என்று கால்நடை மருத்துவர் பார்க்கட்டும், இழப்பீடு கேட்கவும் அவர் சான்று உதவும். முடிவு தெரியும்வரை ஆடுகளை மேலேயும் மூடிய பட்டியில் அடையுங்கள், சிறுத்தைக்கு வேலி தாண்டுவது ஒரு வேலையே இல்லை.