அடிமனை கோயிலுடையது, கட்டடம் மட்டும் விற்பனைக்கு: வாங்கலாமா?

கேள்வி: மயிலாப்பூரில் மாட வீதியை ஒட்டிய தெருவில், ஆறு வீடுகள் கொண்ட பழைய அடுக்குமாடியில் ஒரு ஃபிளாட்டை 82 லட்சத்துக்குப் பேசி, கிரய ஒப்பந்தத்தைப் பதிவும் செய்துவிட்டேன். முன்பணம் 12 லட்சம். அதில் 3 லட்சம் ரொக்கம், ரசீது இல்லை. கெடு முடிய இன்னும் ஐந்து வாரம். நிலம் கோயிலுடையது என்று வங்கி வக்கீல் கருத்து எழுதியதால் கடன் நின்றுவிட்டது. விற்பவர் அப்பாவின் நெடுநாள் நண்பர். "ஐம்பது வருஷமாக இருக்கிறோம், யாரும் கேட்டதில்லை, கடனுக்கு வேறு இடம் பார்த்துத் தருகிறேன்" என்கிறார். புரோக்கர் எல்லாம் தெரிந்தே மறைத்துவிட்டார். கடைசிக் காலத்தில் கோயில் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. இருவர் மீதும் மோசடிப் புகார் கொடுக்கலாமா?

பதில்: நீங்கள் எழுதியதில் சட்டத்துக்கு வேண்டியது நீங்கள் இணைத்த ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஃபிளாட் ஒப்பந்தம் என்றால் சொத்து விவரம் சொல்லும் 'ஏ' ஷெட்யூலில் மொத்த மனையும், 'பி' ஷெட்யூலில் அந்த மனையில் பிரிபடாத பாகம் இத்தனை சதுர அடி என்றும் வரும். உங்கள் 'பி' ஷெட்யூலில் "640 சதுர அடி கட்டடமும் அதன் அனுபவ பாத்தியங்களும்" என்பதோடு முடிகிறது. நிலத்தில் பிரிபடாத பாகம் (யூடிஎஸ்) இல்லை. விற்பவரிடம் இருப்பது மேல்கட்டுமானம் மட்டுமே. மண்ணுக்கான விலையைக் கொடுத்து, இடிந்தால் ஒன்றுமில்லாத சுவரை வாங்கப் போகிறீர்கள்.

புரோக்கரை விடுங்கள். கட்டடம் மட்டும்தான் என்று நீங்கள் கையெழுத்திட்ட பத்திரமே சொல்லும்போது, தொடக்கம் முதலே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று நிறுவுவது கடினம். 'இது சிவில் விவகாரம்' என்று போலீஸில் புகாரைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதற்குள் உங்கள் ஐந்து வாரம் போய்விடும்.

ஐம்பது வருஷக் கதைக்கும் மதிப்பில்லை. கோயில் சொத்தை மீட்கும் வழக்குக்குக் காலவரம்பு இல்லை என்கிறது 1959ஆம் ஆண்டு இந்து சமய அறநிலையச் சட்டத்தின் பிரிவு 109. எனவே நெடுநாள் அனுபவித்ததாலேயே சொந்தமாகிவிட்டது என்று பேச முடியாது. அறநிலையத் துறை ஆணையரின் அனுமதி இல்லாத விற்பனையும், ஐந்து ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகையும் பிரிவு 34இன்படி செல்லாது. குத்தகை முடிந்த பிறகும் இருப்பவர் பிரிவு 78இல் ஆக்கிரமிப்பாளர். வீடு கட்டியவர் மனையைத் தனக்கே விலைக்குக் கேட்கும் உரிமை நகரக் குடியிருப்பாளர் பாதுகாப்புச் சட்டத்தில் ஒரு காலத்தில் இருந்தது. 1996 திருத்தம் கோயில் நிலங்களை அதிலிருந்து எடுத்துவிட்டது. மயிலாப்பூர் கிளப் வழக்கில் 2005இல் உச்ச நீதிமன்றம் அந்தத் திருத்தம் செல்லும் என்றது. "மனையைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இன்னொன்று. அடிமனைக் குத்தகை பெரும்பாலும் ஒருவர் பெயரில்தான் இருக்கும். மற்ற வீட்டுக்காரர்களைக் கோயில் நிர்வாகத்துக்குத் தெரியவே தெரியாது. மனைக்கான நியாய வாடகையை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மாற்றி நிர்ணயிக்கலாம். அந்த ஒருவர் பாக்கி வைத்து குத்தகை ரத்தானால் ஆறு வீடுகளும் சேர்ந்து சிக்கும். வேறு இடத்தில் கடன் கிடைத்தாலும் இவை எதுவும் மாறாது. கூடுதல் வட்டி கட்டுவீர்கள், அவ்வளவுதான்.

வாங்காதீர்கள். இப்போது கவனிக்க வேண்டியது அந்த 12 லட்சத்தை. பலர் பணத்தை இழப்பது இந்த இடத்தில்தான்.

முதல் பொறி, "கடன் கிடைக்கவில்லை, அதனால் வேண்டாம்" என்று வாட்ஸ்அப்பில் அனுப்புவது. அந்த ஒரு வரி உங்களைத் தவறிய தரப்பாக்கிவிடும். வாங்குபவர் தவறினால் முன்பணம் பறிமுதல் என்ற பிரிவு உங்கள் ஒப்பந்தத்தில் இருக்கிறது. விலகும் காரணம் கடன் அல்ல, உரிமைக் குறை. கெடு முடிவதற்குள் வக்கீல் நோட்டீஸ் விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) போக வேண்டும்: மீதிப் பணம் தரத் தயார், மனையில் குறையற்ற உரிமையைக் காட்டுங்கள், முடியாவிட்டால் முன்பணத்தைத் திருப்புங்கள். நோட்டீஸுக்கு முன் நகர நில அளவைப் பதிவேட்டின் நகலை எடுத்து, உரிமையாளர் பத்தியில் கோயில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். வங்கி வக்கீலின் கருத்தை மட்டும் நம்பி நோட்டீஸ் விடக் கூடாது. சும்மா இருந்து கெடுவைக் கடத்திவிட்டால் நோட்டீஸ் விற்பவரிடமிருந்து வரும்.

இரண்டாவது பொறி, பழக்கம். "ரத்துப் பத்திரத்தில் கையெழுத்துப் போடு, வேறு ஆளுக்கு விற்று உன் பணத்தைத் தருகிறேன்" என்று அவர் கேட்பார். அப்பாவின் நண்பர் என்று மனம் இளகும். போடாதீர்கள். உங்கள் ஒப்பந்தம் பதிவானது. அது வில்லங்கச் சான்றில் நிற்கும் வரை இன்னொருவர் அந்த ஃபிளாட்டுக்குத் துணிந்து பணம் கொடுக்க மாட்டார். உங்கள் கையில் இருக்கும் ஒரே பிடி அது. சார் பதிவாளர் அலுவலகத்தில் டிமாண்ட் டிராஃப்டை வாங்கிக்கொண்டு, அதன் எண்ணை ரத்துப் பத்திரத்தில் எழுதி, பிறகு கையெழுத்து. பின்தேதியிட்ட காசோலை வேண்டாம்.

மூன்றாவது, அந்த 3 லட்சம் ரொக்கம். 2 லட்சமும் அதற்கு மேலும் ரொக்கம் கொடுத்ததாகச் சொல்லும் சொத்து வழக்குகளில் வருமான வரித் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் நீதிமன்றங்களுக்கு உத்தரவிட்டிருக்கிறது. வழக்குப் போட்டால் அந்தப் பணத்தின் மூலத்தை நீங்கள் காட்ட வேண்டிவரும், ரசீதும் இல்லை.

ஆகவே சமாதானமாகப் போங்கள். காசோலையில் போன 9 லட்சத்தில் ஒரு ரூபாயும் விடாதீர்கள். ரொக்கத்தில் ஒன்றோ ஒன்றரையோ திரும்பினால் ஏற்றுக்கொள்ளுங்கள். வட்டி, புரோக்கர் கமிஷன், பதிவுச் செலவு மூன்றையும் மறந்துவிடுங்கள். அவர் அசையாவிட்டால் மூன்று ஆண்டுக்குள் வழக்கு. ஆனால் அது முடிய அதைவிட அதிக காலம் பிடிக்கும்.

அம்மாவுக்காக அதே பகுதியில் வேறு ஃபிளாட் பார்த்தால், முன்பணத்துக்கு முன்பே நில அளவைப் பதிவேட்டைப் பாருங்கள். அறநிலையச் சட்டம் பிரிவு 29இன்படி கோயில் வைத்திருக்க வேண்டிய சொத்துப் பதிவேட்டில் அந்த மனையின் டவுன் சர்வே எண் (நகர நில அளவை எண்) இருக்கிறதா என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். வில்லங்கச் சான்று பதிவான பரிமாற்றங்களை மட்டும் காட்டும். நூறாண்டாகக் கைமாறாத கோயில் மனை அதில் தெரியாது. வாடகைக்குப் போவதென்றால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை.