ஒரே தையல் மெஷின், இரண்டு சம்பளம்

கேள்வி: எத்தியோப்பியாவும் கென்யாவும் எல்லையைப் பகிர்ந்துகொள்ளும் நாடுகள். இரண்டிலும் அமெரிக்கக் கடைகளுக்குச் சட்டை, பேண்ட் தைத்து அனுப்புகிறார்கள். ஆனால் எத்தியோப்பியாவில் மாதச் சம்பளம் 26 டாலர், கென்யாவில் 207 டாலர் என்று படித்தேன். இது அச்சுப் பிழையா?

பதில்: பிழை இல்லை. நியூயார்க் பல்கலைக்கழக ஸ்டெர்ன் வணிகப் பள்ளியில் வணிகத்தையும் மனித உரிமையையும் ஆராயும் மையம் ஒன்று இருக்கிறது. அது 2019-ல் வெளியிட்ட அறிக்கையில் உள்ள எண்கள்தான் இவை. அதே அறிக்கையில் பங்களாதேஷுக்கு 95 டாலர். அதாவது உலகத்திலேயே கூலி மலிவு என்று பேர் வாங்கிய நாட்டில் கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்குகூட எத்தியோப்பியாவில் கிடைக்கவில்லை.

காரணத்தைத் தேடி ரொம்ப தூரம் போக வேண்டாம். கென்யாவில் அரசு கூலி ஆணை போடுகிறது, எந்த வேலைக்கு எந்த ஊரில் எவ்வளவுக்குக் கீழே கொடுக்கக் கூடாது என்று அதில் அட்டவணையே இருக்கும். எத்தியோப்பியாவில் தனியார் துறைக்கு அப்படி ஒரு தொகையே கிடையாது. 2019-ல் வந்த புதிய தொழிலாளர் சட்டம் கூலி வாரியம் அமைக்கலாம் என்றது, அதற்குப் பிறகும் ஆண்டுகள் ஓடின, தொகை மட்டும் வரவில்லை. அதைவிட வருத்தம் என்னவென்றால், எங்கள் நாட்டில் கூலி குறைவு, வாருங்கள் என்று வெளிநாட்டு முதலீட்டாளர்களிடம் அரசே சொல்லிக்கொண்டிருந்தது. தன் மக்களின் உழைப்பைத் தானே அடிமாட்டு விலைக்குக் கூவி விற்பதை எந்த வளர்ச்சித் திட்டத்தின் பேரைச் சொல்லியும் நியாயப்படுத்த முடியாது என்பதுதான் என் கருத்து.

கேள்வி: 26 டாலரில் அங்கே குடும்பம் நடத்த முடியுமா? விலைவாசியும் குறைவாகத்தானே இருக்கும்?

பதில்: எல்லோரும் சொல்கிற சமாதானம் இது, அதனால் கணக்காகவே பார்த்துவிடலாம். அடிஸ் அபாபாவுக்குத் தெற்கே சுமார் 275 கிலோமீட்டரில் ஹவாசா. 2016-ல் அங்கே பெரிய தொழிற்பூங்கா திறந்தார்கள். புதிதாகச் சேர்ந்த தொழிலாளிக்கு அடிப்படைச் சம்பளம் அப்போது ஏறத்தாழ 750 பிர் (பிர் என்பது எத்தியோப்பியப் பணம்). இதில் ஓய்வூதியத்துக்குத் தொழிலாளி பங்கு 7 சதவீதம், 52 பிர் போச்சு. அன்றைய சட்டப்படி 600 பிருக்கு மேல் வருமான வரி வேறு, அதில் 15 பிர். கையில் வருவது 680 சொச்சம். சில கம்பெனிகள் மதியச் சாப்பாடு, பஸ், ஒரு நாளும் லீவு போடாமல் வந்தால் ஊக்கத்தொகை என்று கொடுத்தன, அது உண்மை. ஆனால் சுற்றியுள்ள சிடாமா கிராமங்களிலிருந்து வந்த பெண்களுக்கு ஊருக்குள் தங்க இடம் வேண்டுமே? ஆயிரக்கணக்கில் ஆட்கள் வந்து இறங்கியதும் அறை வாடகை ஏறியது, மூன்று நான்கு பேர் சேர்ந்து ஒரே அறையில் பாய் போட்டுப் படுத்தார்கள். அப்படியும் ஊருக்குப் பணம் அனுப்ப முடியவில்லை என்று வேலையை விட்டுப் போனார்கள். விட்டுப் போனவர்களின் எண்ணிக்கைதான் உங்கள் கேள்விக்குச் சரியான பதில்: சராசரியாக வருடத்துக்கு ஒரு முறை மொத்த ஆட்களையும் மாற்ற வேண்டிய நிலையில் தொழிற்சாலைகள் இருந்தன என்கிறது அதே 2019 அறிக்கை. கட்டுப்படியாகிற சம்பளம் என்றால் இப்படிக் கிளம்பிப் போவார்களா?

கேள்வி: அப்படியென்றால் கென்யத் தொழிலாளி வசதியாக இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம், அவசரப்படாதீர்கள். 2024 மே தினத்தில் குறைந்தபட்சக் கூலியை 6 சதவீதம் உயர்த்துவதாக அறிவித்தார்கள், நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அந்த உயர்வுக்குப் பிறகு நைரோபியில் சாதாரண உடலுழைப்புத் தொழிலாளிக்கு மாதம் சுமார் 16,114 ஷில்லிங். இதன் மேல் வீட்டு வாடகைப் படி 15 சதவீதம், 2,417. ஆகமொத்தம் 18,531. இனி பிடித்தங்கள். சேமநலக் கணக்குக்கு 6 சதவீதம், 1,112. புதிய சுகாதாரக் காப்பீட்டுக்கு 2.75 சதவீதம், 510. அப்புறம் வீட்டு வசதி வரி 1.5 சதவீதம், 278. மாதம் 24,000 ஷில்லிங் வரை வருமான வரி கிடையாது என்பதால் அதோடு தப்பித்தார். கையில் 16,600 சொச்சம், டாலருக்கு சுமார் 129 ஷில்லிங் என்று வைத்தால் 129 டாலர் அளவில் நிற்கும். நீங்கள் படித்த 207 டாலர் 2019 அறிக்கையின் எண், இதுவோ சாதாரணத் தொழிலாளிக்குப் பிடித்தம் போகக் கையில் வருவது.

இதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கூலி ஆணை ஊர்களை மூன்று வகையாகப் பிரிக்கிறது. ஏற்றுமதி மண்டலம் இருக்கும் ஆதி ரிவர், நைரோபிக்குப் பக்கத்திலேயே இருந்தாலும் மவோகோ என்ற இரண்டாம் வகைப் பகுதிக்குள் வருகிறது. அதனால் அதே சாதாரணத் தொழிலாளிக்கு அங்கே அடிப்படைக் கூலி 1,200 ஷில்லிங்குக்கு மேல் குறைவு. மூன்றாம் வகை ஊர்களில் நைரோபிக் கூலியில் ஏறத்தாழ பாதிதான்! மெஷின் ஓட்டுபவர், கட்டிங் மாஸ்டர் போன்றவர்களுக்குத் தனித்தனி வரிசை உண்டு, அவர்களுக்குக் கொஞ்சம் கூடுதல்.

அடுத்த தலைவலி வேலை நிரந்தரம். தினக்கூலியாகச் சேர்ந்தவர் தொடர்ந்து ஒரு மாதம் வேலை செய்துவிட்டால் அவரை மாதச் சம்பள ஆளாகவே கருத வேண்டும் என்கிறது 2007-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம். நல்ல சட்டம்தான். ஆனால் சில மாத ஒப்பந்தம், முடிந்ததும் இன்னொரு சில மாத ஒப்பந்தம் என்று இழுத்துக்கொண்டே போவது ஏற்றுமதித் தொழிற்சாலைகளில் பழைய புகார். ஆர்டர் குறைந்த மாதத்தில் அடுத்த ஒப்பந்தம் வராது, அவ்வளவுதான். ஆனாலும் எத்தியோப்பியாவோடு ஒப்பிட்டால் ஒரு முக்கிய வித்தியாசம் உண்டு: கென்யத் தொழிலாளி கையில் ஓர் எண் இருக்கிறது. கம்பெனி அதைவிடக் குறைத்துக் கொடுத்தால், இதோ அரசு ஆணை என்று தொழிற்சங்கத்திடமோ தொழிலாளர் நீதிமன்றத்திடமோ நீட்டலாம். ஹவாசாவில் 750 பிர் வாங்கிய பெண் எதை நீட்டுவார்? அவருக்குக் கொடுத்த சம்பளம் சட்டப்படி தப்பே இல்லையே.

கேள்வி: வேலை நேரம், விடுப்பு, பேறுகாலச் சலுகை இவற்றில் எந்த நாடு பரவாயில்லை?

பதில்: பலருக்கு ஆச்சரியமாக இருக்கும், இதில் பல இடங்களில் எத்தியோப்பியச் சட்டம்தான் முன்னே நிற்கிறது. வாரத்துக்கு 48 மணி நேரம் என்பது அங்கே வரம்பு, கென்யாவின் பொதுக் கூலி ஆணை 52 மணி வரை விடுகிறது. பேறுகால விடுப்பு எத்தியோப்பியாவில் முழுச் சம்பளத்தோடு 120 நாள், கென்யாவில் மூன்று மாதம். நோயில் விழுந்தால் எத்தியோப்பியாவில் ஆறு மாதம் வரை வேலை போகாது: முதல் மாதம் முழுச் சம்பளம், அடுத்த இரண்டு மாதம் பாதி, மீதி சம்பளமில்லாமல். கென்யச் சட்டம் உறுதியாகத் தருவது ஏழு நாள் முழுச் சம்பளம், ஏழு நாள் பாதிச் சம்பளம். வருடாந்தர விடுப்பில் மட்டும் கென்யா 21 வேலைநாள், எத்தியோப்பியாவில் முதல் வருடத்துக்கு 16. குழந்தை பிறந்தால் அப்பாவுக்கு கென்யாவில் இரண்டு வாரம், எத்தியோப்பியாவில் மூன்றே நாள்.

ஆனால் 750 பிரில் பாதி என்றால் 375. இரண்டு மாதம் படுக்கையில் கிடக்கும் ஒருவர் அதை வைத்து மருந்து வாங்குவாரா, வாடகை கொடுப்பாரா? ஓவர்டைமும் அப்படித்தான். சாதாரண நாளில் ஒன்றரை மடங்கு, பண்டிகை நாளில் இரண்டரை மடங்கு என்று எத்தியோப்பியச் சட்டம் தாராளமாகவே சொல்கிறது. எதன் மேல் மடங்கு என்பதுதானே விஷயம். கென்யாவில் ஒன்றரையும் இரண்டும்தான், ஆனாலும் கையில் வரும் பணமாகப் பார்த்தால் அதிகம் வருவது அங்கேதான்.

கேள்வி: கூலி இவ்வளவு மலிவு என்றால் கம்பெனிகள் எத்தியோப்பியாவில் குவிந்திருக்க வேண்டுமே, ஏன் சில வெளியேறின?

பதில்: சம்பளம் குறைவு என்பதற்காக வந்தவர்கள், ஆள் நிற்காததால் பயிற்சிச் செலவிலேயே அந்த மிச்சத்தை இழந்தார்கள். 2020 நவம்பரில் எத்தியோப்பியாவின் வடக்கே டிக்ராய் பகுதியில் போர் தொடங்கியது. அதைக் காரணம் காட்டி, அமெரிக்கச் சந்தைக்குத் தீர்வை இல்லாமல் ஆப்பிரிக்கச் சரக்கை விடும் ஆகோவா சலுகையை 2022 ஜனவரி 1 முதல் எத்தியோப்பியாவுக்கு நிறுத்தினார்கள். ஹவாசாவின் முக்கிய முதலீட்டாளரான பி.வி.எச். என்ற அமெரிக்க ஆடை நிறுவனம் அதற்கு முன்பே, 2021 நவம்பரில், கிளம்புவதாக அறிவித்துவிட்டது. கென்யாவும் இதில் நிம்மதியாக இல்லை. ஆதி ரிவர் ஆர்டர்கள் பெரும்பாலும் அதே சலுகையை நம்பித்தான், அதன் காலக்கெடு 2025 செப்டம்பர் 30-ல் முடிந்தபோது அங்கேயும் கதிகலங்கிப் போனார்கள்.

கேள்வி: கார்மெண்ட்ஸ் லைன் சூப்பர்வைசர் நான். இந்த இரண்டு நாடுகளிலிருந்தும் வேலைக்கு அழைப்பு வந்திருக்கிறது. எதைப் பார்த்து முடிவு செய்யட்டும்?

பதில்: முதலில் சம்பளம் எந்தப் பணத்தில் என்று கேளுங்கள். 2024 ஜூலை 29-ல் எத்தியோப்பியா பிரின் மதிப்பைச் சந்தையிடம் விட்டது. டாலருக்கு 57 பிராக இருந்தது சில வாரங்களில் 100-ஐத் தாண்டியது. பிரில் ஒப்பந்தம் போட்டிருந்தவரின் சேமிப்பு டாலர் கணக்கில் பாதியாகிவிட்டது. கென்யாவில் வேலை அனுமதி கம்பெனியின் பேரோடு கட்டப்பட்டது, கம்பெனி மாறினால் அனுமதியும் மாற வேண்டும், அதனால் யார் விண்ணப்பிக்கிறார்கள், செலவு யாருடையது, திரும்பி வர டிக்கெட் யார் தருவது என்பதையெல்லாம் விமானம் ஏறும் முன்பே எழுத்தில் வாங்குங்கள். பாஸ்போர்ட்டை யாரிடமும் கொடுத்து வைக்காதீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கம்பெனியின் உற்பத்தி டார்கெட்டுக்கும் அந்தத் தொழிலாளிகளுக்கும் நடுவில் நிற்கப் போகிறவர் நீங்கள். நேர்காணலில் நீங்களும் நான்கு கேள்வி கேட்கலாம்: புதிதாகச் சேர்கிறவருக்கு அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, போன வருடம் எத்தனை பேர் விட்டுப் போனார்கள், ஓவர்டைம் எழுதும் பதிவேடு இருக்கிறதா, தொழிற்சங்கம் உண்டா. இதற்கெல்லாம் நேராகப் பதில் சொல்கிற கம்பெனி எந்த நாட்டில் இருந்தாலும் அதற்கே என் ஓட்டு. பதில் சொல்லாமல் மழுப்பினால், உங்கள் சம்பள விஷயத்திலும் நாளைக்கு அப்படித்தான் மழுப்புவார்கள்.