பழைய கல்வீடும் புதுச் சீமெந்தும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என்னுடைய தம்பி ஸ்கொட்லாந்தில், நாட்டுப்புறப் பரிஷ் (தேவாலயப் பங்கு) ஒன்றில் போதகர் குடியிருந்த பழைய கல்வீட்டை வாங்கப் பார்க்கிறார். பாதுகாக்கப்பட்ட கட்டடம், ‘பி’ வகை என்கிறார்கள். மர யன்னல்களைக் கழற்றிவிட்டுப் பிளாஸ்ரிக் யன்னல் போடலாமா? பின்வளவில் உள்ள குதிரைக் கொட்டிலை இடிக்கலாமா?
– வாசகி, கொக்குவில்

பதில்: இரண்டுக்கும் முதலில் அனுமதி எடுக்க வேண்டும். பிளாஸ்ரிக் யன்னலுக்கு அது கிடைப்பது மிக அரிது.

பாதுகாக்கப்பட்ட கட்டடங்களை அங்கே மூன்று வகையாகப் பட்டியலிடுகிறார்கள்: ‘ஏ’ என்றால் ஒரு காலத்துக்கோ பாணிக்கோ தலைசிறந்த எடுத்துக்காட்டு, ‘பி’ என்றால் முக்கியமான எடுத்துக்காட்டு, ‘சி’ என்றால் அதன் மாதிரியாக நிற்கும் எடுத்துக்காட்டு. கீழ் வகை என்றால் சட்டம் தளர்வு என்று பலர் எண்ணுகிறார்கள். அது தவறு. மூன்று வகைக்கும் 1997ஆம் ஆண்டுச் சட்டம்தான், வீட்டின் உட்புறமும் அதற்குள் அடக்கம். மாடிப்படி, கணப்படுப்பு, கூரையோரச் சாந்து வேலைப்பாடு எதையும் கேட்காமல் பெயர்க்கக் கூடாது. வளவுக்குள் 1948 யூலை 1க்கு முன் கட்டிய துணைக் கட்டடங்களும் சேரும். ஆகவே பட்டியற் குறிப்பில் வெளிப்படையாக விலக்கியிருந்தால் ஒழிய, கொட்டிலும் பாதுகாக்கப்பட்டதே.

விண்ணப்பம் உள்ளூர்க் கவுன்சிலின் திட்டமிடல் பிரிவுக்குப் போகும். இந்த அனுமதிக்குக் கட்டணம் இல்லை. அனுமதியின்றி வேலை செய்வது குற்றவியல் குற்றம்.

தம்பி முக்கியமாகக் கவனிக்க வேண்டியது வேறொன்று. முந்திய சொந்தக்காரர் அனுமதியில்லாமல் எதையாவது மாற்றியிருந்தால், அதைப் பழையபடி ஆக்கச் சொல்லும் கட்டளை இப்போதைய சொந்தக்காரருக்கே வரும். அதற்குக் காலவரையறையும் இல்லை. எனவே கையெழுத்து வைக்க முன், விற்பவர் தரும் ஹோம் ரிப்போர்ட்டில் (வீட்டின் நிலை பற்றிய அறிக்கை) உள்ள வினாக்கொத்தை வாசிக்கட்டும். பாதுகாக்கப்பட்ட கட்டடங்களைப் பட்டியலிடும் ஹிஸ்ரோரிக் என்வயர்ன்மென்ற் ஸ்கொட்லாந்து நிறுவனத்தின் இணையப் பட்டியலில் வீட்டின் விவரணத்தை எடுத்து, அதைக் கையில் வைத்துக்கொண்டு அறை அறையாக ஒப்பிடட்டும். அந்தப் பட்டியல் பரிஷ் பெயரையும் குறிப்பதால், பரிஷைக் கொண்டு தேடினால் பக்கத்துக் கட்டடங்களும் தெரியும். பரிஷ்களின் நிர்வாகப் பொறுப்பு 1930இலேயே போய்விட்டது, பட்டியலில் பெயர் மட்டும் இன்னும் நிற்கிறது.

யன்னலில் குளிர்காற்று புகுவதுதான் குறை என்றால், உக்கிய அடிச்சட்டத்தை மட்டும் வெட்டி அதேவகை மரத்தைப் பொருத்தலாம். விளிம்பில் காற்றடைப்புப் பட்டி வைத்து, உட்புறம் இரண்டாவது கண்ணாடிச் சட்டம் போட்டால் வீடு நன்றாகச் சூடு தாங்கும். அதே பொருளில் அதே மாதிரிச் செய்யும் திருத்தத்துக்குப் பொதுவாக அனுமதி தேவைப்படாது. ஆனாலும் கவுன்சிலிடம் எழுத்தில் கேட்டு வைப்பது நல்லது.

கேள்வி: எங்கள் நாற்சார் வீடு பழையது என்று தெரிந்தால் தொல்லியல் திணைக்களம் எடுத்துவிடுமா?
– வாசகர், வட்டுக்கோட்டை

பதில்: பழையது என்பதால் மட்டும் வீடு பறிபோகாது. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் சட்டம் 1815 மார்ச் 2 என்ற திகதியை எல்லையாக வைக்கிறது. அதற்குப் பிந்திய கட்டடம் பாதுகாக்கப்பட்ட சின்னமாக வேண்டுமானால் வர்த்தமானியில் அறிவிக்க வேண்டும். அறிவித்தாலும் உரித்து தானாகக் கைமாறாது. ஆனால் அதன்பின் திருத்தவோ மாற்றவோ திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம் தேவை. உறுதியை எடுத்துக்கொண்டு போய், உங்கள் வீடு அறிவிக்கப்பட்டிருக்கிறதா என்று திணைக்களத்திலேயே கேளுங்கள்.

கேள்வி: அப்பப்பா காலத்து வீடு. முருகைக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். சில வருடங்களுக்கு முன் சீமெந்து பூசினோம். இப்போது நிலத்திலிருந்து மூன்றடி உயரம் வரை பூச்சு ஊதி, உப்புப் பூத்து விழுகிறது. தண்ணீர் புகாத பெயின்ற் அடிக்கச் சொல்கிறார் மேசன்.
– வாசகி, கைதடி

பதில்: தயவுசெய்து அடிக்காதீர்கள். ஈரம் வெளியேறும் கடைசி வழியையும் அது அடைத்துவிடும்.

முருகைக்கல் நுண்துளை நிறைந்தது, நிலத்து ஈரத்தை மேலே இழுக்கும். சுண்ணாம்புப் பூச்சில் அந்த ஈரம் ஊடுருவி வெளியே காய்ந்துவிடும். சீமெந்து அதை விடாது. நீர் பூச்சுக்குப் பின்னால் தேங்கி மெல்லக் காய, அதிலுள்ள உப்பு அங்கேயே பளிங்காகிப் பருத்துக் கல்லின் முகத்தை உடைக்கிறது. விழுந்த துண்டொன்றைப் புரட்டிப் பாருங்கள்: பின்புறத்தில் கல்லின் தோல் ஒட்டியிருக்கும். வீணாகிக்கொண்டிருப்பது உங்கள் சுவர்.

முதலில் ஈரம் வரும் வழியை அடைத்துவிடுங்கள். வெளிமுற்றம் உயர்ந்து உள்நிலத்துக்கு மேலே நிற்கிறதா, சுவரோரம் கொங்கிறீற் போட்டிருக்கிறதா, பீலி ஒழுகுகிறதா என்று பாருங்கள். இவை கிடக்க மேலே எதைப் பூசினாலும் பயனில்லை. பிறகு சீமெந்தைக் கையுளியால் மெதுவாகப் பெயர்க்க வேண்டும், மெசின் வேண்டாம். உப்பைக் காய்ந்த தூரிகையால் தட்டி, சுவரடியில் விடாமல் அள்ளி எறியுங்கள். கழுவினால் உப்புக் கரைந்து திரும்பச் சுவருக்குள் போகும். மாசியில் உரித்தால் ஆவணி வரை வெறுஞ்சுவராகக் காயவிடுங்கள். பொறுமை கெட்டு ஈரச்சுவரில் பூசுவதால்தான் பல வீடுகளில் வேலை இரட்டிப்பாகிறது.

சாந்துக்கு நீற்றிய சுண்ணாம்புக் களி ஒரு பங்கு, மணல் மூன்று பங்கு. நீற்றும்போது சுண்ணாம்பைத் தண்ணீருக்குள் போடுங்கள். சுண்ணாம்பின் மேல் தண்ணீர் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும், கண் போய்விடும். கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். களியை மேலே நீர் நிற்க மூன்று மாதம் மூடி வையுங்கள். நீறாத கட்டி உள்ளே கிடந்தால் பூசிய பிறகு விரிந்து பொரியும். கடற்கரை மணலில் உப்பு இருப்பதால் நல்ல தண்ணீரில் பலமுறை அலச வேண்டும். பருமணி சிறுமணி கலந்த, கையில் உரசும் மணலே நல்லது. ஒரே அளவு நுண்மணல் வெடிப்பைத் தரும்.

சுவரை நனைத்து, ஒரு பூச்சு அரை அங்குலத்துக்கு மிஞ்சாமல் பூசுங்கள். நகத்தால் கீறலாம், விரலால் அமுக்க முடியாது என்ற பதத்தில் அடுத்த பூச்சு. ஒரு வாரம் ஈரச்சாக்குத் தொங்கவிட்டு வெயிலை மறையுங்கள். காற்றிலுள்ள கரியமிலவாயுவை உள்வாங்கித்தான் சுண்ணாம்பு இறுகும், அதற்கு ஈரம் வேண்டும். விரைந்து காய்ந்த பூச்சு தொட்டால் மாவாக உதிரும். (கொக்குவில் வாசகியின் தம்பிக்கும் இதே முறைதான். ஆனால் அங்கே 5 பாகை செல்சியசுக்குக் கீழே சுண்ணாம்பு வேலை செய்யக் கூடாது.)

கடைசியில் பெயின்ற் வேண்டாம், வெள்ளையடியுங்கள். பால் பதத்தில் கரைத்து, நனைத்த சுவரில் மெல்லியதாக நான்கைந்து தரம், ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் இடைவெளி விட்டு. உள்ளே மிச்சமிருக்கும் உப்பு முதல் ஓரிரு வருடம் திரும்பவும் பூக்கும். தூரிகையால் தட்டிவிட்டு, அந்த இடத்தில் மட்டும் இன்னொரு தரம் வெள்ளையடித்தால் போதும்.