மூளை அறிவியலின் வரலாற்றை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: உயிரியல் பட்டப்படிப்பு மாணவி நான். மூளை அறிவியலின் வரலாறு குறித்து மாணவர்களுக்கென அறிவிக்கப்பட்டுள்ள கட்டுரைப் பரிசுக்கு எழுத விரும்புகிறேன். பண்டைய எகிப்து முதல் இன்றைய ஸ்கேன் வரை எல்லாவற்றையும் மூவாயிரம் சொற்களில் அடக்க முயன்றேன்; எழுத எழுத அது பாடநூலின் சுருக்கமாகவே ஆகிவிடுகிறது. வரலாற்றுப் பயிற்சி இல்லாத நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: எகிப்தை முதலில் நீக்கிவிடுங்கள். மூவாயிரம் சொற்களில் ஒரே ஒரு மனிதரையோ, ஒரே ஒரு சோதனையையோதான் உருப்படியாகப் பார்க்க முடியும்.

பாரிஸை அடுத்த பிசேத்ர் மருத்துவமனையில் 21 ஆண்டுகள் இருந்த லெபோர்ன் என்னும் நோயாளியை எடுத்துக்கொள்ளுங்கள். எதைக் கேட்டாலும் ‘டான்’ என்ற ஓசையைத்தான் அவரால் சொல்ல முடிந்தது. கோபம் வந்தால் மட்டும் ஒரு வசைச்சொல் வெளிப்படும். 1861 ஏப்ரல் 17 அன்று அவர் இறந்தார். மறுநாளே பிரெஞ்சு மருத்துவர் பால் புரோக்கா அவருடைய மூளையை மானுடவியல் சங்கத்தின் கூட்டத்தில் காட்டி, இடது முன்மடலில் ஏற்பட்ட சிதைவே பேச்சிழப்புக்குக் காரணம் என்ற கருத்தை முன்வைத்தார். பாடநூல் இவ்வளவோடு நிறுத்திக்கொள்ளும். புரோக்கா அந்த மூளையை அறுத்துப் பார்க்கவில்லை. முழுதாகவே பாதுகாத்து வைத்தார். அதனால்தான் 2007இல் அதை எம்.ஆர்.ஐ. கருவியில் வைத்துப் பார்க்க முடிந்தது. சிதைவு மேற்பரப்பில் தெரிந்ததைவிட மிக ஆழமாக, மூளைப் பகுதிகளை இணைக்கும் நரம்பிழைகள் வரை பரவியிருந்தது. அப்படியானால் புரோக்கா கண்டது என்ன, அவர் முடிவாகச் சொன்னது என்ன, பின்வந்தவர்கள் அவர் பெயரால் சேர்த்துக்கொண்டது என்ன? இந்த மூன்றையும் பிரித்துக் காட்டினாலே கட்டுரைக்கு உயிர் வந்துவிடும். இன்னொன்றும் உண்டு: மருத்துவ நூல்களில் ‘டான்’ என்றே வழங்கப்பட்ட அந்த மனிதரின் முழுப்பெயரும் தொழிலும், அவர் இறந்து நூற்றைம்பது ஆண்டுகள் கழித்துப் பழைய ஆவணங்களிலிருந்துதான் மீட்கப்பட்டன. மூளையைப் போற்றிக் காத்தவர்கள் மனிதரை மறந்துவிட்டது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது. இதை எழுதவும் உங்களுக்கு உரிமை உண்டு.

எல்லோரும் எடுக்கும், அமெரிக்க ரயில்பாதைத் தொழிலாளி ஃபினியஸ் கேஜின் கதையில் எச்சரிக்கை தேவை. 1848இல் இரும்புக் கம்பி மண்டையைத் துளைத்துச் சென்றபின் அவர் முற்றிலும் வேறு மனிதராகிவிட்டார் என்பார்கள். ஆனால் அவர் பின்னர் சிலி நாட்டில் பல ஆண்டுகள் குதிரை வண்டி ஓட்டிப் பிழைத்தார். அந்தக் கதை எப்படி ஊதிப் பெருத்தது என்று ஆராய்வதானால் தாராளமாக எழுதுங்கள்.

கேள்வி: கோல்ஜி, காஹால் இருவரைப் பற்றி எழுதலாமா? கோல்ஜியின் கருத்து தவறென்றால் அவரைப் பற்றி என்ன எழுதுவது?

பதில்: அவசியம் எழுதலாம். வரலாற்றில் தோற்றவரின் பக்கம்தான் பெரும்பாலும் எழுதப்படாமல் கிடக்கிறது. 1873இல் இத்தாலிய மருத்துவர் கமிலோ கோல்ஜி, பொட்டாசியம் டைகுரோமேட்டில் ஊறவைத்த திசுவை வெள்ளி நைட்ரேட்டில் இட்டபோது, நூற்றுக்கணக்கான நரம்பணுக்களுக்கு (நரம்பு செல்களுக்கு) நடுவே மிகச் சிலவே கிளைகளோடு முழுமையாகக் கறுத்துத் தெரிந்தன. எல்லாம் கறுத்திருந்தால் ஒன்றுமே தெரிந்திருக்காது. அதே சாயமுறையை மேம்படுத்திக்கொண்ட ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர் சாந்தியாகோ ரமோன் இ காஹால், ஒவ்வொரு நரம்பணுவும் தனித்தனி என்றார். கோல்ஜியோ அவை ஒரே வலையாகப் பின்னியிருப்பதாக நம்பினார். 1906இல் இருவரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டபோதும், கோல்ஜி தம் பரிசுரையிலேயே, நரம்பணுக்கள் தனித்தனி என்னும் இந்த ‘நியூரான் கொள்கை’யை மறுத்தார்.

இரு நரம்பணுக்களுக்கு இடையிலான இடைவெளி ஏறத்தாழ 20 நானோமீட்டர்தான். வழக்கமான ஒளி நுண்ணோக்கியால் சுமார் 200 நானோமீட்டருக்குக் குறைவானதைப் பிரித்தறிய இயலாது. 1950களில் நரம்புத்திசுவை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்க்கும்வரை அந்த இடைவெளியை எவரும் நேரில் கண்டதில்லை. எனவே, கண்ணால் காண முடியாத ஒன்றைக் காஹால் எந்தச் சான்றுகளைக் கொண்டு நம்பினார் என்பதையே உங்கள் கேள்வியாக வைத்துக்கொள்ளுங்கள். இருவரின் பரிசுரைகளும் ஆங்கிலத்தில் கிடைக்கின்றன. அவற்றைப் பற்றிப் பிறர் எழுதியதைப் படிக்கும் முன் அவற்றையே படியுங்கள்.

வரலாற்றுப் பயிற்சி இல்லையே என்று தயங்க வேண்டாம். காஹாலின் வாதத்தில் பெரும்பகுதி அவருடைய வரைபடங்களில்தான் இருக்கிறது. உங்கள் ஆய்வகத்தில் நரம்புத்திசு ஸ்லைடு இருந்தால், எழுத உட்காருமுன் ஒரு மணி நேரம் அதை நுண்ணோக்கியில் பார்த்துப் பென்சிலால் வரைந்து பாருங்கள். ஓர் இழை எங்கே முடிகிறது என்று கோடு போடக் கை தயங்கும் இடத்திலிருந்து கட்டுரையைத் தொடங்குங்கள்.