டெல்ஃபீன் செரிக்கின் நாற்காலி: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஷான்டல் அகர்மனின் ‘ழான் தீல்மான்’ படத்தைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, மூன்று இரவுகளாகப் பிரித்துப் பிரித்து அதைப் பார்த்து முடித்தேன். உருளைக்கிழங்கு சீவும் காட்சியில் என் அம்மாவின் நினைவு வந்து, படத்தைச் சற்று நேரம் நிறுத்திவைத்தேன். அதில் நடித்த டெல்ஃபீன் செரிக் பின்னர் இயக்குநரும் ஆனார் என்று அறிந்து, அவர் எடுத்த ‘அழகாக இரு, வாயை மூடு’ படத்தையும் தேடிப் பார்த்தேன். எங்கள் திரைப்பட வட்டத்தில் அதைப் பற்றிப் பேச்சு வந்தபோது நண்பர் ஒருவர், “நடிகைகள் வரிசையாக உட்கார்ந்து பேசுகிறார்கள். இது பேட்டித் தொகுப்பு, படம் அல்ல. நடிகை ழான் மோரோவைப் போலக் கதைப்படம் எடுத்திருந்தால் இயக்குநர் என்று ஒப்புக்கொள்ளலாம்” என்றார். அவர் சொன்னது தவறு என்று தோன்றியது. ஏன் என்று சொல்லத்தான் தெரியவில்லை. செரிக்கை இயக்குநர் என்று சொல்லலாமா? அவ்வளவு பெரிய நடிகை ஏன் இவ்வளவு குறைவாக எடுத்தார்? அவரைப் பற்றி மேலும் அறிய எதிலிருந்து தொடங்குவது?

ச., கோவில்பட்டி

அன்புள்ள ச. அவர்களுக்கு,

மோரோவைப் பற்றி உங்கள் நண்பர் சொன்னது சரிதான். அவர் 1976இல் ‘லூமியேர்’, 1979இல் ‘லடொலெசான்த்’ என இரண்டு கதைப்படங்களை இயக்கினார். இன்னொரு நடிகை அன்னா கரினா அதற்கும் முன்னால், 1973இல், தன் முதல் படத்தை எடுத்துவிட்டார். இருவர் மீதும் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அவர்களை அளந்த கோலைக் கொண்டு செரிக்கை அளக்க முடியாது. அவர் எடுத்த படங்கள் பிறந்த இடமே வேறு.

செரிக் 1932இல் பெய்ரூட்டில் பிறந்தவர். தந்தை தொல்லியல் அறிஞர். ஐம்பதுகளின் பிற்பகுதியில் நியூயார்க்கில் நடிப்புப் பயின்றுகொண்டிருந்தார். அங்கே ஒரு நாடகத்தில் அவரைக் கண்ட பிரெஞ்சு இயக்குநர் அலன் ரெனே, 1961இல் வந்த ‘போன வருடம் மரியன்பாத்தில்’ படத்துக்கு அவரை அழைத்துக்கொண்டார். அந்தப் படத்தில் அவருக்குப் பெயர்கூடக் கிடையாது. பெரிய மாளிகையின் நடைகளில் சிலைபோல நிற்பார். போன வருடம் அவர் என்ன செய்தார், யாருக்கு என்ன வாக்குக் கொடுத்தார் என்று ஓர் ஆண் அவருக்கே சொல்லிக்கொண்டிருப்பான். இரண்டு ஆண்டுகளில் ‘மூரியேல்’ படத்துக்காக வெனிஸ் திரைப்பட விழாவில் சிறந்த நடிகை விருது. தேவதை, மாயத்தோற்றம் என்று விமர்சகர்கள் எழுதி எழுதி அவரை மேகத்தின் மேல் உட்காரவைத்துவிட்டார்கள்.

1968இல் இயக்குநர் த்ரூஃபோவின் ‘திருட்டு முத்தங்கள்’ வந்தது. செருப்புக்கடை முதலாளியின் மனைவியாக நடித்தார். கடையில் வேலைபார்க்கும் இளைஞன் அவரைத் தெய்வமாக நினைத்து மருகுகிறான். ஒருநாள் காலை அவரே அவன் அறைக்கு வந்து, தான் மாயத்தோற்றம் அல்ல, ஒரு பெண் என்கிறார். அந்த வசனத்தை எழுதியவர்கள் ஆண்கள். ஆனால் அதன் பிறகு செரிக் செய்த ஒவ்வொரு காரியத்தையும் பார்க்கும்போது, அந்த வாக்கியத்தை அவர் தனக்கென்று எடுத்துக்கொண்டுவிட்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

1971இல், கருக்கலைப்பு பிரான்சில் குற்றமாக இருந்த காலத்தில், தாங்கள் கருக்கலைப்பு செய்துகொண்டவர்கள் என்று 343 பெண்கள் பகிரங்கமாக அறிவித்துக் கையெழுத்திட்டார்கள். அவர்களில் செரிக்கும் ஒருவர். அடுத்த ஆண்டு பாரிஸை ஒட்டிய பொபினியில் நடந்த புகழ்பெற்ற கருக்கலைப்பு வழக்கில் சாட்சி சொன்னார். சினிமாவில் பெயர் பெற்ற ஒரு பெண் அன்று இதைச் செய்ய எவ்வளவு துணிவு வேண்டும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். எழுபதுகளின் தொடக்கத்தில் சோனி நிறுவனத்தின் சிறிய வீடியோ கருவி ஒன்று பிரான்சுக்கு வந்திருந்தது. தோளில் தொங்கவிட்டுக்கொண்டு தெருவுக்குப் போகலாம். கறுப்பு வெள்ளைப் படம்தான், துல்லியமும் குறைவுதான். ஆனால் ஃபிலிம் வாங்க வேண்டாம், லேபுக்கு அனுப்ப வேண்டாம், எடுத்ததை உடனே போட்டுப் பார்க்கலாம், அழித்துவிட்டு அதே நாடாவில் மறுபடியும் எடுக்கலாம். முக்கியமாக, தயாரிப்பாளர் ஒருவரின் வாசலில் போய் நிற்க வேண்டாம். கரோல் ரூசோபூலோஸ் என்ற பெண் அந்தக் கருவியை வாங்கி, மற்றப் பெண்களுக்கும் இயக்கக் கற்றுக்கொடுத்துவந்தார். அவரிடம் செரிக், தன் தோழி இயோவானா வீடருடன் மாணவியாகப் போய்ச் சேர்ந்தார். ரெனேயும் த்ரூஃபோவும் தேடிவந்த நடிகை, நாற்பது வயதுக்கு மேல், ஒரு கருவியின் பொத்தான்களை முதலிலிருந்து கற்றுக்கொள்கிறார். அவருடைய வாழ்க்கையில் எனக்கு மிகப் பிடித்த இடம் இது.

மூவரும் சேர்ந்து தங்களுக்கு ‘அன்சுமியூஸ்’ என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். அடங்காத பெண்கள், கலைத்தேவதைகள் என்ற இரண்டு சொற்களையும் ஒன்றாக ஒட்டிய பெயர். 1975ஐ ஐ.நா. சர்வதேசப் பெண்கள் ஆண்டு என்று அறிவித்திருந்தது. அந்த டிசம்பரில், பெண்கள் ஆண்டு ஒருவழியாக முடிகிறது என்று கேலியாகத் தலைப்பிட்டு ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி வந்தது. பெண்கள் நலத்துக்குப் பொறுப்பான பெண் அமைச்சரே அதில் கலந்துகொண்டு, ஆண்கள் சொன்ன அவதூறுகளுக்கெல்லாம் புன்னகைத்தார். இவர்கள் அதை அப்படியே பதிவு செய்து, நடுநடுவே நிறுத்தி, கையால் எழுதிய பதில்களைச் செருகி, பாட்டுப் போட்டு, ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவான படமாக்கினார்கள்.

அந்தக் காலத்தில்தான் நீங்கள் பார்த்த படமும் உருவானது. லாஸ் ஏஞ்சலஸிலும் பாரிஸிலும் இருபதுக்கும் மேற்பட்ட நடிகைகளைச் சந்தித்தார் செரிக். கேமராவைப் பிடித்தவர் ரூசோபூலோஸ். 1981இல் படம் வெளிவந்தது. அந்தத் தலைப்பும் எங்கிருந்தோ வந்ததல்ல. 1958இல் அதே பெயரில் ஒரு பிரெஞ்சுப் படம் ஏற்கெனவே வந்திருந்தது. நடிகைகளுக்குத் திரையுலகம் கொடுத்துவந்த உத்தரவைத்தான் செரிக் அப்படியே எடுத்துத் தன் படத்தின் நெற்றியில் ஒட்டினார்.

பேட்டித் தொகுப்பு என்கிறார் உங்கள் நண்பர். அந்தக் கேள்விகளைக் கவனிக்கச் சொல்லுங்கள். ‘நீங்கள் ஆணாகப் பிறந்திருந்தால் நடிகராகியிருப்பீர்களா?’ என்று கேட்கிறார். பலர் இல்லை என்கிறார்கள். சொல்லிவிட்டுத் தாங்களே திகைக்கிறார்கள். ‘இன்னொரு பெண்ணோடு அன்பாக, நட்பாக ஒரு காட்சியில் நடித்திருக்கிறீர்களா?’ என்கிறார். பதிலுக்காக நினைவைத் துழாவும் முகங்கள் வருகின்றன. அந்த மௌனத்தை வெட்டாமல் விட்டிருக்கிறாரே, அதுதான் இயக்கம். பத்திரிகைக்காரர் ஒருவர் கேட்டிருந்தால் வழக்கமான புன்னகையோடு வழக்கமான பதில் வந்திருக்கும். இங்கே கேட்பவரும் அதே நாற்காலியில் உட்கார்ந்து பழகியவர்.

ஹாலிவுட் நடிகை ஜேன் ஃபோண்டா பிரெஞ்சில் பேசும் பகுதியை நினைத்துப் பாருங்கள். கன்னம் ஒட்டித் தெரிவதற்காகத் தாடையை உடைத்துச் சரிசெய்யலாம் என்று ஸ்டுடியோவில் யோசனை சொன்னார்களாம். மூக்கும் சரியில்லையாம், மார்பும் போதாதாம். அவர் இதைக் கிட்டத்தட்டச் சிரித்துக்கொண்டே சொல்கிறார். மரியா ஷ்னைடருக்கு அப்போது இருபதுகளின் முற்பகுதிதான் நடந்துகொண்டிருந்தது. தனக்கு வருவதெல்லாம் பைத்தியக்காரி, கொலைகாரி வேடங்கள் என்கிறார். அவர் முகத்தில் சிரிப்பே இல்லை. பல ஆண்டுகள் கழித்து, தன்னைப் புகழ் பெறவைத்த படத்தின் படப்பிடிப்பில் தனக்கு நேர்ந்ததை அவர் வெளிப்படையாகச் சொன்னபோதுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. செரிக் எழுபதுகளிலேயே அவர் எதிரில் உட்கார்ந்து காது கொடுத்திருக்கிறார்.

ஒவ்வொருவரும் தன் தனிப்பட்ட துரதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டிருந்ததை அடுத்தடுத்து வைக்கும்போது, அது ஒரு தொழிலின் விதி என்று தெரிந்துவிடுகிறது. படத்தொகுப்பு என்ற கலை இருப்பதே இதற்காகத்தானே? நண்பரிடம் இதைக் கேளுங்கள்.

1975ஆம் ஆண்டின் கான் விழாவையும் சொல்ல வேண்டும். செரிக் நடித்த மூன்று படங்கள் அங்கே காட்டப்பட்டன: ஷான்டல் அகர்மனின் ‘ழான் தீல்மான்’, மார்கெரித் துராஸின் ‘இந்தியா சாங்’, லிலியான் த கெர்மதெக்கின் ‘அலோயீஸ்’. மூன்றையும் இயக்கியவர்கள் பெண்கள். இவற்றில் ‘இந்தியா சாங்’ படத்தில் அவர் கல்கத்தாவில் வாழும் பிரெஞ்சுத் தூதரின் மனைவி. படம் எடுக்கப்பட்டது பிரான்சில். திரையில் யாரும் வாய் திறப்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத குரல்கள்தான் அவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும். மரியன்பாத்தில் ஒரு குரல், இங்கே பல குரல்கள். அதே காலத்தில் மற்ற நடிகைகளிடம் போய், நீங்களே சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தவரும் அவரேதான். நடிப்பை விட்டுவிட்டு இயக்கத்துக்குத் தாவினார் என்று நான் எண்ணவில்லை. நடிகையாக விழுங்கியவற்றை எல்லாம் இயக்குநராகக் கேள்விகளாக்கினார்.

ஏன் குறைவாக எடுத்தார் என்ற கேள்விக்கு மனம் கனக்கத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அவர் கதைப்படம் எடுக்க விரும்பாதவர் அல்லர். அமெரிக்க மேற்கின் புகழ்பெற்ற சாகசக்காரி கலாமிட்டி ஜேன் தன் மகளுக்கு எழுதியதாகச் சொல்லப்படும் கடிதங்களைப் படமாக்க ஆசைப்பட்டார். ‘ழான் தீல்மான்’ ஒளிப்பதிவாளர் பாபெத் மாங்கோல்த்தை அழைத்துக்கொண்டு மொன்டானா வரை போய், ஆய்வு செய்து படம் பிடித்து வந்தார். முழுப் படத்துக்குப் பணம் சேரவில்லை. வீடியோவுக்குத் தயாரிப்பாளர் வேண்டியிருக்கவில்லை, இதற்கு வேண்டியிருந்தது. அத்தனை இயக்குநர்களுக்குத் தன் முகத்தைக் கொடுத்தவருக்கு ஒரே ஒரு படத்துக்கான காசு கிடைக்கவில்லை என்பதை என்னால் இன்னும் ஆற்றிக்கொள்ள முடியவில்லை. மொன்டானாவில் பிடித்த காட்சிகளைக் கொண்டு மாங்கோல்த் பின்னாளில் ஒரு படம் செய்தார்.

இன்னொரு காரணமும் உண்டு. 1982இல் செரிக், ரூசோபூலோஸ், வீடர் மூவரும் பாரிஸில் பெண்ணியச் சிந்தனையாளர் சிமோன் த பொவார் பெயரில் ஓர் ஒலி-ஒளி மையத்தைத் தொடங்கினார்கள். பெண்களைப் பற்றிய படங்களையும் ஒளிப்பதிவுகளையும் தேடிச் சேர்த்துக் காப்பாற்றும் வேலை அது. அந்த நாடாக்கள் காந்தப்பூச்சு உதிர்ந்து அழியக்கூடியவை. தன் படத்தை எடுக்கும் நேரத்தில் பிறர் எடுத்தவற்றைக் காத்துக்கொண்டிருந்தார் என்று சொல்லலாம். 1990 அக்டோபரில் மறைந்தபோது அவருக்கு வயது 58தான்.

எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். சாமி ஃப்ரே என்ற நடிகர் ‘ழான் தீல்மான்’ படப்பிடிப்பை வீடியோவில் பதிவு செய்திருக்கிறார். அதைப் பாருங்கள். அகர்மனுக்கு அப்போது வயது 25கூட நிறையவில்லை. உலகப் புகழ் பெற்ற செரிக் அந்தச் சிறு பெண்ணை விடாமல் கேட்கிறார்: இவள் ஏன் இதை இப்படிச் செய்கிறாள், எவ்வளவு நேரம் செய்கிறாள், அப்போது என்ன நினைக்கிறாள்? அகர்மன் சில சமயம் திணறுகிறார். செரிக் அடுத்த கேள்விக்குத் தாவாமல், பதில் வரும்வரை அங்கேயே நிற்கிறார்.