விண்கப்பல் மாதிரிக்குள் விளக்கு: முதலில் இருட்டாக்குங்கள்

கேள்வி: 1/1000 அளவில் ஒரு கற்பனை விண்கப்பல் கிட் வாங்கியிருக்கிறேன். நீளம் ஏறக்குறைய 40 செ.மீ. பெட்டியில் விளக்கு எதுவும் இல்லை. ஜன்னல்கள் ஒளிர வேண்டும், என்ஜினில் நீல வெளிச்சம் வேண்டும், ஒரு விளக்காவது விட்டுவிட்டு மின்ன வேண்டும். மாதிரிகள் முன்பே கட்டியிருக்கிறேன், மின்வேலைதான் புதிது. சோதனைக்கு ஒரு வெள்ளை எல்இடியை உள்ளே வைத்துப் பார்த்தால், ஜன்னல் மட்டுமல்ல, கப்பல் முழுவதுமே மங்கலாக ஒளிர்கிறது. எத்தனை எல்இடி வேண்டும்? எந்த பேட்டரி? பெயின்ட் முன்பா, பின்பா?

பதில்: எல்இடி எண்ணிக்கையைப் பிறகு பார்ப்போம். உங்கள் சோதனையே முக்கியமான சிக்கலைக் காட்டிவிட்டது. இந்த வேலையில் வெளிச்சம் உண்டாக்குவது எளிது. வேண்டாத இடத்தில் அதை நிறுத்துவதில்தான் பாதி நேரம் போகும். கிட் பாகங்கள் மெல்லிய பாலிஸ்டைரீன். டார்ச்சை உள்ளங்கையால் மூடினால் விரல்கள் சிவந்து தெரியுமே, அப்படித்தான் வெளிர் சாம்பல் பிளாஸ்டிக்கும் ஒளியைக் கடத்துகிறது. வெளியே அடிக்கும் பெயின்ட் இதை மறைக்கும் என்று நம்ப வேண்டாம். வெளிர் நிறக் கப்பலில் நிச்சயம் மறைக்காது.

உட்புறத்தில் கறுப்பு இரண்டு கோட் அடியுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு அதன்மேல் வெள்ளை அடியுங்கள். கறுப்பு ஒளியைத் தடுக்கும். வெள்ளை உள்ளே திருப்பி அனுப்பி வெளிச்சத்தைச் சமமாகப் பரப்பும். வெறும் சில்வர் மட்டும் போதும் என்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, மெல்லிய இடங்களில் ஊசிமுனை ஓட்டைகள் போலக் கசியும். ஒட்டவேண்டிய விளிம்புகளில் டேப் ஒட்டி மறைத்துவிட்டே பெயின்ட் அடியுங்கள். பிளாஸ்டிக் சிமென்ட் இரு பக்கத்துப் பிளாஸ்டிக்கையும் இளக்கித்தான் பிணைக்கிறது. பெயின்ட் மேல் அது பிடிக்காது.

அடுத்த எதிரி இணைப்புக்கோடு. மேல்பாதியும் கீழ்பாதியும் சேரும் இடத்தில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் இருட்டில் அது ஒளிக்கோடாகத் தெரியும். ஒரு பாதியின் உள்விளிம்பில் மெல்லிய ஸ்டைரீன் பட்டையை, பாதி அகலம் வெளியே நீட்டியிருக்கும்படி ஒட்டிவிடுங்கள். மற்றப் பாதி வந்து உட்காரும்போது அந்தப் பட்டை கோட்டை உள்ளிருந்து மூடிவிடும், பாகங்கள் நேராகச் சேரவும் உதவும். அலுமினிய டேப்பும் ஒளியை முழுதாக நிறுத்தும். ஆனால் அது மின்சாரத்தைக் கடத்தும். எல்இடியின் வெற்றுக் கால் பட்டால் ஷார்ட்தான். பயன்படுத்தினால் மேலே இன்சுலேஷன் டேப் ஒட்டிவிடுங்கள்.

இனி ஜன்னல். 1/1000 அளவில் உண்மையில் அரை மீட்டர் அகலமுள்ள ஜன்னல் உங்கள் மாதிரியில் அரை மில்லிமீட்டர்தான். இதே கப்பல் 1/350 அளவில் இருந்தால் ஏறக்குறைய ஒன்றரை மி.மீ. வரும்; ஓட்டை போட்டு, காய்ந்ததும் தெளிவாகும் வெள்ளைப் பசையால் நிரப்பினாலே போதும். உங்களுக்கு அது சரிவராது. ஒரு நுனியில் விழும் ஒளியை மறுநுனிக்குக் கொண்டுபோகும் மெல்லிய இழையான 0.5 மி.மீ. பிளாஸ்டிக் ஃபைபர்தான் வழி. மிகச் சிறிய புள்ளிகளுக்கு 0.25 மி.மீ. கிடைக்கும். கையால் சுழற்றும் சிறு துரப்பணத்தில் ஃபைபரைவிட ஒரு நூலளவு பெரிய பிட் போட்டு, வெளியிலிருந்து உள்ளே துளையிடுங்கள். பிட் வழுக்காமல் இருக்க முதலில் ஊசியால் ஒரு குழி குத்திக்கொள்ளுங்கள். எல்லா ஜன்னலுக்கும் துளை போட வேண்டாம். நள்ளிரவில் எல்லா அறையிலுமா விளக்கு எரியும்? ஒழுங்கில்லாமல் மூன்றில் ஒன்றை இருட்டாக விட்டால்தான் கப்பல் பெரிதாகத் தெரியும்.

ஃபைபரில் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். சூப்பர் க்ளூ தொட்டால் அது நொறுங்கும் தன்மை பெற்றுவிடும். கப்பலை மூடிய பிறகு உள்ளே ஒடிந்தால் திறந்து பார்க்க வழியில்லை. வெள்ளைப் பசை அல்லது எபாக்ஸி போதும். இரண்டாவது, வளைவு. கூர்மையாக மடித்தால் ஒளி அந்த இடத்திலேயே வெளியேறிவிடும். 0.5 மி.மீ. ஃபைபருக்கு 1 செ.மீ. ஆரத்துக்குக் குறையாமல் வளையுங்கள். உள்நுனிகளை ஒரு கட்டாகச் சேர்த்து, புது பிளேடால் ஒரே வெட்டில் சமமாக நறுக்குங்கள். 5 மி.மீ. எல்இடியின் உருண்டைத் தலையை உப்புத்தாளில் தேய்த்துத் தட்டையாக்கி, ஃபைபர் கட்டையும் எல்இடியையும் ஒரு சிறு குழாயில் இரு பக்கமிருந்தும் செருகிவிடுங்கள். கணக்குப்படி 5 மி.மீ. வட்டத்துக்குள் எழுபதுக்கும் மேற்பட்ட 0.5 மி.மீ. ஃபைபர்கள் அடங்கும். ஓரத்தில் இருப்பவை மங்கும் என்பதால் நான் நாற்பதைத் தாண்ட மாட்டேன். சூடுபட்டால் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவை இங்கே சூடுபடுத்த வேண்டாம், அந்தச் சூட்டில் ஃபைபரே சுருண்டுவிடும்.

மின்சாரத்துக்கு வருவோம். 5 வோல்ட் யுஎஸ்பி சார்ஜரைப் பரிந்துரைக்கிறேன். வெள்ளை, நீல, பச்சை எல்இடிகளுக்கு ஏறக்குறைய 3 வோல்ட்டும் சிவப்புக்கு 2 வோல்ட்டும் வேண்டும். மீதி வோல்ட்டை, மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் சிறு பாகமான ரெசிஸ்டர் தாங்கும். கணக்கு இவ்வளவுதான்: மீதி வோல்ட்டை வேண்டிய மின்னோட்டத்தால் வகுங்கள். 5 மில்லி ஆம்பியருக்கு வெள்ளையில் 2 வகுத்தல் 0.005, அதாவது 400 ஓம், கிடைப்பது 390. சிவப்பில் 600 வரும். 620 அல்லது 680 போடுங்கள். ஒவ்வொரு எல்இடிக்கும் தனி ரெசிஸ்டர். பலவற்றை இணையாகச் சேர்த்து ஒரே ரெசிஸ்டர் போட்டால், அவற்றுக்குள் உள்ள சிறு வேறுபாடுகளால் ஒன்று அதிக மின்னோட்டத்தை இழுத்துக்கொள்ளும், மற்றவை மங்கும்.

எல்இடி 20 மில்லி ஆம்பியர் தாங்கும் என்று போட்டிருப்பதால் அவ்வளவும் கொடுக்க வேண்டியதில்லை. ஜன்னல்களுக்கு 2 மில்லி ஆம்பியரே தாராளம். கண் கூசும் ஜன்னல்கள் விண்கப்பலை விளையாட்டுப் பொருளாக்கிவிடும். விளக்கு வைத்த மாதிரிகளில் நான் அதிகம் பார்க்கும் குறை இதுதான். 390 ஓமுடன் தொடராக திருகினால் ஓம் மாறும் 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றை வைத்துத் திருகி, மாதிரி நிற்கப்போகும் அறையின் வழக்கமான வெளிச்சத்தில் பார்த்து முடிவுசெய்யுங்கள். பிறகு சப்ளையைத் துண்டித்து, மொத்த ஓம் எவ்வளவு என்று மல்டிமீட்டரில் அளந்து, நிலையான ரெசிஸ்டரை மாட்டிவிடலாம்.

உங்கள் கப்பலுக்கு என் கணக்கு: ஜன்னல்களுக்கு 4 எல்இடி, என்ஜினுக்கு 4, ஓரங்களுக்குச் சிவப்பு ஒன்று, பச்சை ஒன்று, மின்னுவதற்கு ஒன்று. மொத்தம் 11. எல்லாவற்றுக்கும் 5 மில்லி ஆம்பியர் கொடுத்தாலும் 55தான். எந்தப் பழைய செல்போன் சார்ஜரும் இதைத் தாங்கும். பவர் பேங்க்கில் ஒரு தொல்லை உண்டு: இவ்வளவு குறைவாக இழுத்தால், எதுவும் மாட்டவில்லை என்று நினைத்துப் பல பவர் பேங்க்குகள் தாமாகவே நின்றுவிடும். 9 வோல்ட் பேட்டரி சில மணி நேரத்தில் தீர்ந்துபோகும். அதற்கு ரெசிஸ்டர்களையும் மாற்ற வேண்டும். எந்த பேட்டரியையும் கப்பலுக்குள் வைத்து மூடிவிடாதீர்கள்.

என்ஜினுக்கு நீல எல்இடி வாங்கத் தோன்றும். வாங்காதீர்கள், சாயம் போட்டது போல இருக்கும். குளிர் வெள்ளை எல்இடி வைத்து, என்ஜினின் தெளிவான பாகத்தின் உட்புறம் ஒளி ஊடுருவும் நீல நிறத்தை மெல்லியதாக அடித்தால் நடுவே வெண்மையும் ஓரத்தில் நீலமுமாக வரும். எல்இடிகள் தனித்தனிப் புள்ளிகளாகத் தெரிந்தால், அவற்றைப் பின்னுக்குத் தள்ளி இடையில் ட்ரேசிங் பேப்பர் வையுங்கள். ஜன்னலுக்கு மட்டும் மஞ்சள் கலந்த வெள்ளை, 3000 கெல்வின் அளவில். இரண்டும் வேறுபட்டால்தான் என்ஜின் எடுப்பாகத் தெரியும்.

ஓர விளக்குகளை விமானங்களைப் பார்த்தே வைக்கலாம்: இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை, இரண்டும் நிலையாக எரியும். மின்னுவதற்கு, சீரான இடைவெளியில் மின்சாரத்தை விட்டுவிட்டுத் தரும் 555 என்ற டைமர் ஐசி போதும். 1972-ல் விற்பனைக்கு வந்த சில்லு இது, இன்றும் எங்கும் கிடைக்கிறது. 8, 4 ஆகிய கால்கள் பாசிட்டிவுக்கு, 1 நெகட்டிவுக்கு. 2-ஐயும் 6-ஐயும் ஒன்றாக இணையுங்கள். பாசிட்டிவுக்கும் 7-க்கும் இடையே 100 கிலோ ஓம், 7-க்கும் 6-க்கும் இடையே 10 கிலோ ஓம், 2-லிருந்து நெகட்டிவுக்கு 10 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர். அதன் பாசிட்டிவ் கால் 2-ன் பக்கம். எல்இடியைப் பாசிட்டிவுக்கும் 3-ஆம் காலுக்கும் இடையே, ரெசிஸ்டரோடு வையுங்கள். அப்போது ஏறக்குறைய முக்கால் விநாடி அணைந்து, 0.07 விநாடி மட்டும் பளிச்சென்று எரியும். 3-க்கும் நெகட்டிவுக்கும் இடையே வைத்தால் இது தலைகீழாகிவிடும்: எரிந்துகொண்டே இருந்து கண நேரம் அணையும்.

இந்தச் சில்லை, கப்பல் நிற்கும் தாங்கியின் அடிப்பெட்டியில் வையுங்கள், கெட்டால் மாற்றலாம். தாங்கித் தண்டாகப் பித்தளைக் குழாய் போட்டால் அதன் வழியே மூன்று வயர்கள் போனால் போதும்: பாசிட்டிவ், நெகட்டிவ், மின்னும் எல்இடியின் திரும்பு வயர். ‘ஸ்டார் ட்ரெக்’ தொலைக்காட்சித் தொடருக்காக 1964-ல் செய்யப்பட்டு, இப்போது ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கும் 11 அடி எண்டர்பிரைஸ் மாதிரியில், வயர்கள் இடப்பக்கமாகவே உள்ளே நுழைகின்றன. கேமரா வலப்பக்கத்தை மட்டுமே படம்பிடித்ததால் இடப்பக்கத்தை முழுதாக முடிக்கவே இல்லை. அலமாரியில் சுற்றிப் பார்க்கப்படும் கப்பலுக்கு அந்தச் சலுகை கிடையாது.

சால்டரிங்கைக் கப்பலுக்கு வெளியே முடித்துவிட்டு உள்ளே கொண்டுபோங்கள். ஈயம் உருகும் சூட்டில் பாலிஸ்டைரீன் வழிந்துவிடும். எனாமல் பூசிய செப்புக்கம்பி மெல்லியது, வசதியானது. நுனியில் எனாமலைச் சுரண்டாமல் பற்றவைத்தால் மின்சாரம் போகாது. எல்லாம் இணைத்தபின், கப்பலை ஒட்டாமல் டேப்பால் சேர்த்து ஒரு நாள் முழுக்க எரியவிடுங்கள். மோசமான இணைப்புகள் பெரும்பாலும் அதற்குள் காட்டிக்கொடுத்துவிடும். இருட்டறையில் சுற்றிப் பார்த்து, கசியும் இடங்களில் இன்னொரு கோட் கறுப்பு அடித்த பிறகு ஒட்டுங்கள்.

பெயின்ட் கேள்விக்குப் பதில் இதிலேயே வந்துவிட்டது: உட்புறம் முன்பே, வெளிப்புறம் கடைசியில். ஃபைபர்களை வெளியே 2 மி.மீ. நீட்டியபடியே விட்டு, பிரைமர், நிறம், ஸ்டிக்கர், மேட் வார்னிஷ் அனைத்தையும் முடியுங்கள். அதன் பிறகு ஒவ்வொன்றையும் உடலோடு ஒட்ட நறுக்குங்கள். வார்னிஷுக்கு முன்பே நறுக்கினால் மேட் பூச்சு நுனிகளை மூடி ஜன்னல்கள் மங்கிவிடும். நறுக்கும்போது விளக்கு எரியட்டும். எது மங்கல் என்று அப்போதே தெரியும், இன்னொரு முறை சீவிச் சரிசெய்துவிடலாம்.