50 பவுண்டு வில்லுக்கு எந்த பிராட்ஹெட் (வேட்டை அம்போட வெட்டு முனை): ஃபிக்ஸ்டா, விரியறதா?

கேள்வி: பென்சில்வேனியால இருக்கேன், இந்த வருஷம் தான் முதல் ஆர்ச்சரி சீசன், வொயிட்டெய்ல் மான். காம்பவுண்ட் வில் (கப்பி வச்சது), இழுக்கற விசை 50 பவுண்டு, டிரா லெங்த் (நாண இழுக்கற நீளம்) 27 இன்ச். அம்பு எடை முனையோட சேர்த்து 400 கிரெயின் (அம்புக்கான சின்ன எடை அளவு), வேகம் அளந்தப்போ செகண்டுக்கு 235 அடி. கடைக்காரர் 2 இன்ச் விரியற மெக்கானிக்கல் வாங்குங்கறார், ஆபீஸ்ல கூட இருக்கறவர் ஃபிக்ஸ்ட் (பிளேடு மடங்காம அப்படியே நிக்கறது) தவிர எதையும் தொடாதேங்கறார். எதை வாங்கறது?

பதில்: உங்க வில்லுக்கு ஃபிக்ஸ்ட் வாங்குங்க. 100 கிரெயின், 3 பிளேடு, வெட்டு அகலம் ஒண்ணு அல்லது ஒண்ணேகால் இன்ச். கடைக்காரர் சொன்னது தப்புனு இல்ல, அவர் 70 பவுண்டு இழுக்கற ஆளுக்கு சொல்ற பதில உங்களுக்கும் சொல்லிட்டார், அவ்ளோதான்.

முதல்ல கணக்க பார்த்துடலாம். அம்பு எடைய கிரெயின்ல எடுத்து, வேகத்தோட வர்க்கத்தால பெருக்கி, 450240 ஆல வகுத்தா ஃபுட் பவுண்டுல சக்தி வரும். உங்களுக்கு சுமார் 49. அம்பு தயாரிக்கற ஈஸ்டன் கம்பெனியோட சார்ட்ல மானுக்கு 25ல இருந்து 41 வரைக்கும்னு போட்டிருப்பாங்க, அதனால 49 தாராளம்தான். ஆனா அந்த சார்ட் முனை என்ன வகைனு பார்க்காது, பிரச்சனையே அங்கதான். மெக்கானிக்கல்ல பிளேடு பறக்கும்போது மடிஞ்சு இருக்கும், தோல்ல பட்டதும் விரியும், அந்த விரியறதுக்கே கொஞ்சம் சக்தி போயிடும், அப்புறம் 2 இன்ச் அகலத்துக்கு சதைய விலா எலும்ப வெட்டிக்கிட்டே போகணும்னா இன்னும் போகும், கடைசில அம்பு அந்தப் பக்கம் வெளிய வர்றதுக்கு மிச்சம் இருக்கணுமே.

வெளிய வரணும்கறது ஏன் இவ்ளோ முக்கியம்னா, நீங்க பெரும்பாலும் ட்ரீ ஸ்டாண்ட்ல (மரத்துல கட்டற மேடை) 20 அடி உயரத்துல உக்காந்து கீழ நோக்கி விடறீங்க, அம்பு உள்ள போற ஓட்டை முதுகு பக்கமா மேல இருக்கும், வெளிய வர்ற ஓட்டை நெஞ்சுக்கு கீழ இருக்கும். ரத்தம் தரைல விழறது பெரும்பாலும் அந்த கீழ் ஓட்டை வழியாத்தான். அது இல்லைனா நெஞ்சுக்கூட்டுக்குள்ளயே ரத்தம் தேங்கிடும், மான் செத்தே போயிருந்தாலும் இருட்டற நேரத்துல காய்ஞ்ச இலைக்கு நடுவுல ஒரு சொட்டு கூட கிடைக்காம அலைவீங்க. அதனால கொஞ்ச சக்தி உள்ள வில்லுக்கு பெரிய ஒரு ஓட்டைய விட சின்ன ரெண்டு ஓட்டை மேல்ங்கறது என் கருத்து.

இப்ப எதிர் தரப்பு. ஆபீஸ் நண்பர் மாதிரி ஃபிக்ஸ்ட் கட்சிக்காரங்க மெக்கானிக்கல் எல்லாம் விளையாட்டு சாமான்னு பேசுவாங்க, அது சும்மா. மேரிலேண்ட்ல இண்டியன் ஹெட்னு ஒரு கடற்படை தளம் இருக்கு, அங்க மான் வேட்டை வில்லால மட்டும்தான், ஒவ்வொரு அடிபட்ட மானுக்கும் கணக்கு குடுத்தாகணும், 1989ல இருந்து பல வருஷம் அப்படி சேர்த்த கணக்குல ஃபிக்ஸ்ட்ல அடிபட்டதுல சுமார் 82 சதவீதம் கைக்கு கிடைச்சிருக்கு, மெக்கானிக்கல்ல சுமார் 91. யாரும் எதிர்பார்க்காத ரிசல்ட். மெக்கானிக்கல் அடிகளோட எண்ணிக்கை அதுல ரொம்ப கம்மி, அவங்கவங்க இஷ்டத்துக்கு முனைய தேர்ந்தெடுத்தது வேற, அதனால இத வச்சு தீர்ப்பு எழுத முடியாது. ஆனா மெக்கானிக்கல் திறக்காதுங்கற பழைய பயத்துக்கு இது நல்ல பதில்.

மெக்கானிக்கல் ஜெயிக்கற இடம் ஒண்ணு நிஜமாவே இருக்கு, பறக்கறது. மடிஞ்ச பிளேடு காத்த பிடிக்காது, ஃபீல்ட் பாயின்ட் (பிளேடு இல்லாத பயிற்சி முனை) போற இடத்துக்கே கிட்டத்தட்ட போகும். ஃபிக்ஸ்ட்ல பிளேடு முன்னாடி நின்னுக்கிட்டு சின்ன இறக்கையா வேலை செய்யும், வில் டியூன் சரியில்லாம அம்பு கொஞ்சம் கோணலா கிளம்பினா பின்னாடி இறகு ஒரு பக்கம் திருத்தப் பார்க்கும், முன்னாடி பிளேடு இன்னொரு பக்கம் இழுக்கும், 30 கஜத்துல அஞ்சாறு இன்ச் தள்ளி கூட விழும். மானோட இதயமும் நுரையீரலும் சேர்ந்த இடமே சுமார் 8 இன்ச் வட்டம்தான், அப்ப அஞ்சு இன்ச் தப்புனா என்ன ஆகும்னு நீங்களே பாருங்க. ஆனா இதுக்கு வழி முனைய மாத்தறது இல்ல, வில்ல சரி பண்றது. டியூன் ஆகாத வில்லுல மெக்கானிக்கல் போட்டா குறி சரியா இருக்கற மாதிரி தெரியும், ஆனா அம்பு கோணலாவே போய் இடிக்கும், நேரா போனா கிடைக்கற ஆழம் கிடைக்காது.

சரி பண்றது பெரிய வித்தை இல்ல. 20 கஜத்துல ஃபீல்ட் பாயின்ட் ஒரு மூணு அம்பு, அதே எடை பிராட்ஹெட் ஒரு மூணு அம்பு, ஒரே புள்ளிக்கு விடுங்க (ஃபோம் டார்கெட்ல, துணிப்பை டார்கெட் கிழிஞ்சிடும்). பிராட்ஹெட் இடது பக்கம் விழுந்தா ரெஸ்ட்ட (வில்லுல அம்பு உக்கார்ற தாங்கி) வலது பக்கம் ஒரு துளி நகர்த்துங்க, கீழ விழுந்தா ரெஸ்ட்ட மேல ஏத்துங்க, அதாவது பிராட்ஹெட்ல இருந்து ஃபீல்ட் பாயின்ட் எந்த திசைல இருக்கோ அந்த திசைக்கு. ஒரு தடவைக்கு 1/32 இன்ச் போதும். சைட்ட (குறி பார்க்கற கருவி) தொடாதீங்க, அது எல்லாம் முடிஞ்சப்புறம். அதுக்கு முன்னாடி முனைய தரைல ஊனி அம்ப விரலால சுத்திப் பாருங்க, முனை சேர்ற இடத்துல ஆட்டம் தெரிஞ்சா அந்த அம்பு வேட்டைக்கு வேண்டாம்.

நாளைக்கே 60 பவுண்டுக்கு மேல ஏறி மெக்கானிக்கல் ஆசை வந்தா, பின்னாடி இருந்து விரியற வகைய பாருங்க, வெட்டு ஒன்றரை இன்ச்சுக்குள்ள. முன்பக்கமா மடிஞ்சு இருந்து பின்னாடி திரும்பற பழைய டிசைன் கோணத்துல பட்டா வழுக்கி திசை மாற வாய்ப்பு ஜாஸ்தி, மான் நமக்கு பின்பக்கம் காட்டி சாய்வா நிக்கறப்போதான் பல பேர் விடறோம், அங்க அது கைவிடும். பிளேட பிடிச்சுக்கற காலர் பெரும்பாலும் ஒரு தடவைக்குத்தான், தனியா வாங்கி வச்சுக்கணும்.

எந்த முனையும் தோள்பட்டை எலும்ப மன்னிக்காது, உங்க 49ல நிச்சயமா இல்ல. பக்கவாட்டுல நிக்கும்போதோ பின்பக்கத்த லேசா நம்ம பக்கம் காட்டி சாய்வா நிக்கும்போதோ மட்டும் விடுங்க, முகத்த நேரா காட்டி நின்னா விட்டுடுங்க, 25 கஜத்துக்கு மேல இந்த வருஷம் வேண்டாம். விட்டப்புறம் அம்ப தேடுங்க, இளஞ்சிவப்பா நுரை இருந்தா நுரையீரல், அரை மணி நேரம் கழிச்சு போங்க. கருஞ்சிவப்பா இருந்தா கல்லீரல், நாலஞ்சு மணி நேரம் உக்காருங்க. பச்சையா நாறினா குடல், ராத்திரி முழுக்க விடறது தான் நல்லது, துரத்தினா மைல் கணக்குல ஓடிடும்.

சட்டம்: பென்சில்வேனியால ரெண்டு வகையும் ஓகே, வில்லு 35 பவுண்டாவது இழுக்கணும். பல ஸ்டேட்ல வெட்டு 7/8 இன்ச்சுக்கு குறையக்கூடாது, மேற்கு பக்கம் சில ஸ்டேட் மெக்கானிக்கலையே ரொம்ப நாள் தடை பண்ணி வச்சிருந்தாங்க, அதனால வேற ஸ்டேட்டுக்கு போனா அந்த வருஷ ரூல் புக்க பாருங்க. (இத ஊர்ல இருந்து படிக்கறவங்களுக்கு: இந்தியால 1972 வனவிலங்கு பாதுகாப்பு சட்டப்படி மான் வேட்டை குற்றம், இது அங்க லைசென்ஸ் எடுத்து ஆடறவங்களுக்கு மட்டும்.)

வாங்கும்போது ஆறு முனையா வாங்குங்க, மூணு பழகறதுக்கு, மூணு பாக்கெட்ட விட்டு எடுக்காம வேட்டைக்கு. ஃபோம்ல ஒரு தடவை பாய்ஞ்ச பிளேடு கூட மழுங்கிடும், அத பார்த்தா தெரியாது, ரப்பர் பேண்ட லேசா இழுத்து பிடிச்சு பிளேட மேல வச்சா தானா அறுபடணும், அழுத்த வேண்டி வந்தா பிளேட மாத்துங்க.